கஸ்மா இல்லாத நகல்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காலத்தில் கூச்சமே இருந்ததில்லை. லாலாகூடா ரயில்வே பட்டறையின் டிராயிங் ஆபீஸில் நான் டிரேசராக இருந்தேன். மற்றவர்கள் வரைந்த படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, கோட்டின் மேல் கோடாக மசியில் இழுத்து நகல் எடுப்பதுதான் வேலை. பட்டறைக்குள் போய்விட்டு வரும் படங்களில் மேஸ்திரிகள் பென்சிலால் கேள்வி எழுதியிருப்பார்கள். இந்த போல்ட் எதற்கு, இங்கே ஓட்டை ஏன், இப்படி. டிராப்ட்ஸ்மேன் அவர்களைக் கூப்பிட்டுப் பதில் சொல்லிவிடுவார். அடுத்த நகலில் அந்தக் கேள்விகள் வரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கேள்வியையும் சேர்த்து அழகாக மசியில் எழுதிவிட்டேன். தலைமை டிராப்ட்ஸ்மேனாக இருந்த பார்சிக்காரர் எல்லோர் முன்னாலும் அந்தத் துணியை இரண்டாகக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து கேள்வியைக் கண்டால் என் பேனா தானாகத் தாண்டிப் போகும்.

அந்தப் பழக்கம் என் அக்காவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா வடாற்காட்டிலிருந்து பாய்லர் வேலைக்கு வந்தவர். காலனியில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். ஊரில் கோயில் எங்களை எந்த இடத்தில் நிறுத்தியது என்பதைப் பெரியவர்கள் மறக்கவில்லை. ரயில்வே சம்பளம் கைக்கு வந்ததும் கோயிலை விட்டுவிட்டுப் புத்தரைப் பிடித்துக்கொண்டார்கள். தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம், அதன் பின்னால் ஒரு பள்ளிக்கூடம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாலியில் பஞ்சசீலம். சொல்லுகிறவர்களில் பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. அதனால் எங்கள் பௌத்த சங்கத்துத் தலைவர் ஒரு விதி வைத்தார். பள்ளிக்கூடத்துக்கு வருகிற வாத்தியாருக்குப் பாலி இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் பிக்கு சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். இருந்த வாத்தியார் பம்பாய்க்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தின் பின்னாலேயே ஒரு அறை உண்டு.

அக்காவுக்கு அந்த அறைதான் வேண்டியிருந்தது.

அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். போலாரத்தில் வாழ்க்கைப்பட்டு, காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்து, ஆறு வயது மகளோடு மாமனார் வீட்டில் இருந்தாள். மாமனார் அங்கே ராணுவ அதிகாரிகளின் பங்களாவில் தலைமைச் சமையல்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோலாரில் இருக்கும் மூத்த மகனிடம் போவதென்று முடிவு செய்துவிட்டார். பேத்தியையும் கூட்டிக்கொண்டுதான் போவாராம். அக்கா வருவதானால் வரலாம், ஆனால் அங்கே மூத்த மருமகள் சொல்படி இருக்க வேண்டும். அந்த மூத்த மருமகள் ஏற்கெனவே ஒரு கடிதத்தில், குழந்தை மட்டும் வந்தால் போதும் என்று எழுதிவிட்டாள். குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று போய்க் கேட்டேன். மாமனார் தலைவரின் முன்னாலேயே எனக்குப் பதில் சொன்னார்.

"தம்பி, உன் வூட்ல நீ, உன் பொஞ்சாதி, அப்பன், ஆத்தா, எல்லாம் ஒரே ரூம்ல. அதுல ஒரு மூலையில எம் பேத்தி வளரக் கூடாது. அவ அம்மா சொந்தமா நிக்கிறதுக்கு ஒரு எடம் கெடச்சா நான் உட்டுட்டுப் போறேன். கெடைக்கலைன்னா கூட்டிக்கினு போறேன். இது என் வார்த்த."

வார்த்தை கொடுத்தால் மாறாதவர் அவர். அதுதான் எங்களுக்கு நம்பிக்கையும், அதுதான் பயமும்.

அதற்கு ஒரு வருஷம் முன்பே அக்கா படிக்கத் தொடங்கியிருந்தாள். புத்தகம் என்று எங்களிடம் எதுவும் இல்லை. போலாரம் ஆஸ்பத்திரியில் ரங்கூனிலிருந்து திரும்பிய ஒரு தமிழ்க் கம்பவுண்டர் இருந்தார். அங்கே ஒரு மடத்தில் பாலி படித்தவர். பழைய இலக்கணத்தின் சந்திப் பகுதி முழுவதையும் தமிழ் எழுத்திலேயே ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்திருந்தார். தமிழில் இல்லாத ஓசைகளுக்கு எழுத்தின் தலைமேல் சின்னச் சின்னதாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டிருப்பார். அதை மூன்று வாரத்துக்கு இரவலாகக் கொடுத்தார். நான் உட்கார்ந்து நகல் எடுத்தேன். என் நகலைப் பார்த்துக் காலனியில் இன்னும் ஆறு பேர் நகல் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் என் நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார். நான் அன்று காலே தரையில் படாமல் நடந்தேன்.

கம்பவுண்டரின் நோட்டில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் கீழே விளக்கம் இருந்தது, அதன் கீழே உதாரணம் இருந்தது. அதற்கும் கீழே, சற்று உள்தள்ளி, மங்கிய பென்சிலில் ஒரு வரி இருந்தது. அதில் தவறாமல் கஸ்மா என்ற சொல் வரும். கஸ்மா என்றால் ஏன். எங்கள் சிகந்தராபாத் உருதுவில் கைக்கு. பென்சில் எழுத்து, அதுவும் கேள்வி. படிக்கிற காலத்தில் கம்பவுண்டருக்கு வந்த சந்தேகங்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. என் பேனா தாண்டிப் போய்விட்டது. ஒரு கேள்விகூட விடாமல் எல்லாக் கேள்விகளையும் விட்டுவிட்டேன்.

அக்கா அந்த நகலை முழுக்க மனப்பாடம் செய்தாள். முதல் சில சூத்திரங்கள் உயிரெழுத்து உதிர்வதைப் பற்றியவை. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டில் ஒன்று விழும். நமக்கும் இது புதிதில்லை, 'அது அல்ல' என்பதை 'அதல்ல' என்றுதானே சொல்கிறோம். முதல் சூத்திரம், முன்னால் நிற்கும் உயிர் விழும் என்கிறது. இரண்டாவது சூத்திரம், இரண்டும் வேறுவேறு உயிராக இருந்தால் பின்னால் வருவது விழும், 'அல்லது' என்கிறது. அந்த அல்லது என்ற சொல் தொண்டையில் மாட்டிய முள்ளாக அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தது.

"அல்லதுன்னா இன்னாடா அர்த்தம்? நம்ம இஷ்டத்துக்கு ரெண்டுல எது வேணா விழலாமா? இல்ல, சொல்லுக்குச் சொல்லு எது விழணும்னு முன்னாடியே முடிவாயிருக்குதா? அப்படி முடிவாயிருந்தா அத எங்கியாச்சும் சொல்லியிருக்கணும் இல்ல? ஒரு சொல்லச் சும்மா போட மாட்டாங்கடா."

"எழுதியிருக்கறதப் படி அக்கா. அதுக்கு மேல நோண்டாத" என்றேன் நான்.

விடை அந்தப் பென்சில் வரிகளில்தான் இருந்தது. எனக்கு அது தெரியாது. ஆனால் அவளை வாயை மூடச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

சிலோன்காரப் பிக்கு ஒருவர் வைகாசிப் பௌர்ணமிக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில், எல்லோர் முன்னாலும் சோதனை. மாமனாருக்குச் செவ்வாய்க்கிழமை ரயில்.

சனிக்கிழமை பட்டறை பாதி நாள். சங்கு ஊதியதும் நான் சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கம்பவுண்டர் வேலையை விட்டு மதராஸுக்குப் போகிறார், வழியனுப்ப வேண்டும். உண்மையைச் சொன்னால், என் நகலை அவருக்குக் காட்ட வேண்டும். ஒரு வருஷமாக அவர் அதைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். முதலில் சிரித்த முகம், நாலைந்து பக்கம் போனதும் மாறியது.

"கையெழுத்து கண்ணுல ஒத்திக்கலாம் தம்பி. கஸ்மா எல்லாம் எங்க?"

"உங்க சந்தேகம்தானே அண்ணே அது. அத எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்."

 அவர் நோட்டை மெதுவாக மூடினார்.

"என் சந்தேகம் இல்லப்பா. அது மூலத்துலயே இருக்கறது. சூத்திரத்துல இந்தச் சொல்லை ஏன் போட்டான்னு கேட்டு, சூத்திரம் எங்க செல்லாதோ அந்த உதாரணத்தக் காட்டுவாங்க. மசி தீந்துபோச்சுன்னு நான் பென்சில்ல எழுதினேன். சூத்திரத்த யார் வேணாலும் ஒப்பிக்கலாம். பிக்குங்க சோதிக்கறதே இதுலதான். உங்க அக்காவுக்கு எப்போ?"

"நாளைக்கு."

அவர் நோட்டு அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. பெட்டி பிரேக் வேனில் ஏற்றிப் பூட்டப்பட்டிருந்தது. கார்டிடம் ஓடினேன். தமிழில் கேட்டேன், உருதுவில் கேட்டேன், கையைக் கட்டிக்கொண்டும் கேட்டேன். "நக்கோ பாய்" என்று மறுத்துவிட்டு அவர் கொடியை எடுத்துக்கொண்டார். திரும்பி ஜன்னலுக்கு ஓடி வந்தேன். கம்பவுண்டர் கண்ணை மூடி, ஞாபகம் வந்ததைச் சொன்னார். என் பையில் இருந்த பழைய புளூபிரின்ட் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஏழு வரி வந்தது. எட்டாவதை அவர் தொடங்கும்போது வண்டி நகர்ந்தது. பக்கத்திலேயே ஓடினேன். சக்கரச் சத்தத்தில் அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது.

அப்படியே ஏறிக் காசிப்பேட்டை வரைக்கும் போயிருக்கலாம். வழியெல்லாம் அவர் வாயிலிருந்து பிடுங்கி எழுதியிருக்கலாம். வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் இது எனக்குத் தோன்றியது.

ஏழு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று மாலையே போலாரத்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ரயிலில் வார்த்தைகளைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். வீட்டு வாசலில் மாமனார் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி சாக்கை இழுத்துக் கட்டினார். குழந்தை ஓடி வந்து என் மடியில் ஏறிக்கொண்டது. அதற்கு எடுத்ததற்கெல்லாம் கைக்கு என்று கேட்கிற வயது. தாத்தா கைக்கு பாத்திரம் கட்டுறாரு, நீ கைக்கு இவ்ளோ வேர்த்திருக்கே. அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். குளித்து, வெளுத்த வெள்ளைப் புடவை கட்டி, முகம் தெளிவாக இருந்தது.

"எல்லாம் நிக்குதுடா. காலையில ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா, ஒரு சொல்லு தடுக்கல" என்றாள்.

மாமனார் இருக்கிறாரே, அவர் முன்னால் எப்படி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கிளம்பும்போது அக்கா ஸ்டேஷன் கேட்டு வரை தனியாகத்தான் என்னோடு வந்தாள். வழி நெடுக வேப்பமரம், ஆள் நடமாட்டம் இல்லை, கால் மணி நேர நடை. அவள் சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றும் முடிந்த இடத்தில், விட்டுப்போன வரியின் இடம் எனக்கு மட்டும் கேட்டது. இதோ சொல்கிறேன், இந்தச் சூத்திரம் முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று நடந்தேன். சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற நினைப்பு தடுத்தது. இப்போது கலைத்துவிட்டால் தெரிந்ததும் போய்விடும், பிக்கு சூத்திரத்தை மட்டும் கேட்டாலும் கேட்பார், இப்படியெல்லாம் காரணம் தேடினேன். அவ்வளவும் பொய். நான் பயந்தேன். அவ்வளவுதான்.

"நல்லாத் தூங்கு அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கே தகரக் கூரை கொதித்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. என் டிராயிங் ஆபீஸ் ஆட்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மாமனார் குழந்தையோடு தூண் ஓரம் உட்கார்ந்தார். பிக்கு ஒல்லியான மனிதர், நடுவயது. மதராஸில் சில வருஷம் இருந்ததால் தமிழ் நிதானமாகப் பேசினார். எல்லோரும் அவரை மரியாதையாகப் பந்தே என்று அழைத்தார்கள். அக்கா அவர் முன்னால் பாயில் உட்கார்ந்தாள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். சட்டைப் பையில் அந்தக் காகிதம் வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியது.

முதல் சூத்திரம் கேட்டார். அக்கா சூத்திரம், விளக்கம், உதாரணம் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தலைவர் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். இரண்டாவதும் அப்படியே. சொல்லி முடித்து அக்கா நிமிர்ந்தாள்.

"அல்லது என்று சொன்னது ஏன்?" என்று பிக்கு கேட்டார்.

 கூரை சூட்டில் எங்கோ தகரம் படக்கென்று விரிந்தது. பிக்கு காத்திருந்தார்.

"பந்தே, அந்த வரி என் நோட்டுல இல்ல."

"இல்லாமல் இருக்காது. காட்டுங்கள்."

நோட்டை வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாதிக்கு மேல் போய், திரும்ப முதலுக்கு வந்தார்.

"இதில் ஒரு கஸ்மா கூட இல்லையே. யார் எழுதிய நகல்?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "என்னோட நோட்டு பந்தே" என்று மட்டும் சொன்னாள். ஆனால் காலனி முழுக்க அது யார் கையெழுத்து என்று தெரியும். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எழுந்து நின்றேன். டிராயிங் ஆபீஸ் பழக்கத்தையும், பென்சில் கேள்வியையும், நான் தாண்டிப் போனதையும் சொன்னேன். பின்னால் என் ஆபீஸ் ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் பழக்கம் தெரிந்தவர்களுக்குத்தானே அதில் இருக்கிற கூத்தும் தெரியும். பிக்கு சிரிக்கவில்லை.

"தவறு நடந்தது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. சும்மா கேட்டிருக்கலாம். அக்கா அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தான் பந்தே" என்றேன்.

தலைவர் எழுந்து பிக்குவின் காதருகே ஏதோ பேசினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, நகல் சரியில்லாததால் சோதனையைத் தள்ளிவைக்கலாம், பிக்கு ஐப்பசியில் மறுபடி வரும்போது பார்க்கலாம் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தூண் ஓரம் மாமனார் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குச் செவ்வாக்கெழம வண்டிங்க" என்றார். 

அக்கா இரண்டு உள்ளங்கையையும் பாயில் ஊன்றிக்கொண்டாள். "தள்ளி வெக்க வேணாம் பந்தே. நோட்டுல இல்லாட்டிப் போவுது. நீங்க கேளுங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்."

"யோசித்துச் சொல்கிற விஷயமா இது?"

"யோசிச்சுத்தானே பந்தே அதையும் எழுதியிருப்பாங்க?"

 பிக்கு மாமனாரை உட்காரும்படி கையைக் காட்டினார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். அல்லது என்று சொன்னது ஏன்?

அந்தக் கேள்விக்கு என் சட்டைப் பையில் பதில் இருந்தது. கம்பவுண்டர் சொன்ன ஏழில் அதுதான் முதல் வரி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. கழுத்தில் வேர்வை இறங்கியது. முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது, அதன் தாய் அதை வெளியே தூக்கிக்கொண்டு போனாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எழுந்து ஓடிப்போய் அந்தக் காகிதத்தை அவள் மடியில் போட வேண்டும் போல இருந்தது. போட்டால் எப்போது எழுதியது என்று கேட்பார்கள். உட்கார்ந்தே இருந்தேன்.

"தேனுபஸங்கமி" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "தேன, உபஸங்கமி. அகரமும் உகரமும். வேற வேற உயிரு. ரெண்டாவது சூத்திரத்தையே கெட்டியாப் புடிச்சிக்கினா பின்னால வர்ற உகரம் விழுந்து தேனபஸங்கமின்னு ஆவணும். ஆவல. அகரம்தான் விழுந்துது. அதனால எல்லா எடத்துலயும் பின்னது விழாது. அதுக்குத்தான் அல்லதுன்னு போட்டிருக்காங்க. நம்ம இஷ்டத்துக்கு இல்ல பந்தே. பேசினவங்க எப்படிப் பேசினாங்களோ அதுக்குக் கட்டுப்பட்டு."

"மூலத்தில் இருக்கிற உதாரணம் வேறு" என்றார் பிக்கு. அக்காவின் தோள் தளர்ந்தது. "ஆனால் இதுவும் சரி" என்றார்.

பிறகு விடாமல் கேட்டார். இரக்கம் காட்டவில்லை. ஒரு உயிர் விழுந்தபின் மிச்சமிருக்கிற உயிர் சில இடங்களில் நெடிலாகும் என்று ஒரு சூத்திரம். சில இடங்களில் என்று சொன்னது ஏன்? அக்கா இந்த முறை மண்டபத்தைப் பார்த்தாள். "நாம பஞ்சசீலத்துல சொல்ற பாணாதிபாதா. பாணவும் அதிபாதாவும் சேந்து நெடிலாச்சு. ஆனா நத்தின்னும் சொல்றோம். நவும் அத்தியும். நெடிலாவல, குறிலாவே நின்னுபோச்சு." பௌர்ணமி தவறாமல் அந்தச் சொற்களைச் சொல்லி வந்த ஜனங்கள், தங்கள் வாயில் இருந்தது என்னவென்று அன்றைக்குத்தான் கேட்டார்கள். ஒரு கிழவர் நத்தி, நத்தி என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னாள். ஒரு இடத்தில் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தெரியல பந்தே என்றாள். அந்த இடத்துக்கும் என் பையில் பதில் இருந்தது. கம்பவுண்டர் சொன்ன ஏழில் மூன்றைப் பிக்கு கேட்டார். மூன்று முறையும் அவள் திணறியதை நான் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காலைப்பொழுதை நான் கண்டதில்லை.

உச்சி வேளைக்குள் பிக்குகள் சாப்பிட்டாக வேண்டும். தலைவர் இரண்டு முறை எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். கடைசியில் பிக்கு நோட்டை மூடி அக்காவிடம் கொடுத்தார்.

"ஒப்பிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றார் தலைவரிடம். "இந்த அம்மாவிடம் பிள்ளைகளை விடுங்கள்."

மாமனாருக்கு ஒரு எழுத்து தெரியாது. காலையிலிருந்து அங்கே நடந்ததில் அவருக்கு என்ன விளங்கியது என்று சொல்ல முடியாது. எழுந்து வந்தார். பேத்தியை அக்காவின் பக்கத்தில் பாயில் உட்கார வைத்தார்.

"அப்ப இது இங்கியே இருக்கட்டும்" என்றார். வெளியே குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்து அறையைத் திறந்து கூட்டினோம். குழந்தை ஒரு மூலையில் பாயை விரித்துத் தூங்கிவிட்டது. அக்கா பக்கத்து வீட்டு அடுப்பில் டீ போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். களைப்பில் கண் உள்ளே போயிருந்தது. ஆனால் அழகாக இருந்தாள். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. நடந்தது நடந்துவிட்டது, நல்லபடியாகத்தானே முடிந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா நேத்து மத்தியானம் டிக்கெட்டு எடுக்க டேசனுக்குப் போயிருந்தாராம்" என்றாள் அவள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "உன்ன அங்க பாத்தாராம். கம்பவுண்டரு வண்டியோட நீ ஓடினியாம். கையில காயிதம் வெச்சிக்கினு."

"ஆமா" என்றேன்.

அவள் காத்திருந்தாள். பிக்கு அவளுக்காகக் காத்திருந்தாரே, அவ்வளவு நேரம். என்னைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. சொல்வதற்கு எனக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"டீ ஆறுது அக்கா" என்றேன்.

அவள் என் டம்ளரையும் தன் டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள்தான் வாத்தியார். வாராவாரம் போவேன். சாப்பாடு போடுவாள், சிரித்துப் பேசுவாள், என் பிள்ளைகளுக்கு அவளே பாடம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளுக்கான நோட்டுகளை மட்டும் தன் கோணல் கையெழுத்தில் விடியக்காலையில் எழுந்து அவளே எழுதுவாள். நான் எழுதித் தருகிறேன் என்று ஒரு முறை கேட்டேன். "நக்கோடா, உனக்கு எதுக்குச் செரமம்" என்று சொல்லிவிட்டாள். எதைப் படித்தாலும் ஏன் என்று கேட்காமல் விடாதவள் அவள். நேத்து ஏன் சொல்லல என்று மட்டும் சாகிற வரைக்கும் என்னைக் கேட்கவில்லை.